நீ வாசித்துச் சொன்ன கடதாசி

மகனுக்கு,

நீ கேட்டபடி புதன்கிழமை நத்தாலியின் தாய் ஜினெத் வீட்டுக்குப் போனேன். ஆனால் நீ கேட்கச் சொன்னதை நான் கேட்கவில்லை. அங்கே என்ன பேசினேன் என்பதைத் தொலைபேசியில் சொன்னால் நீ இடையில் மறிப்பாய், நான் தொடங்கிய வசனத்தை நீ முடித்துவைப்பாய். அதனால் எழுதுகிறேன். இதன் பிரதியொன்றை நம்மவர்கள் நடத்தும் சஞ்சிகைக்கும் கொடுக்கப்போகிறேன். உன் பெயரோ என் பெயரோ இதில் இல்லை. மற்றவர்களின் பெயர்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன், யார் யாரென்று உனக்குத் தெரியும். இந்த நகரத்தில் பிள்ளைகள் வாசித்துச் சொல்ல, கீழே கையெழுத்து வைக்கும் தாய்மார் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களும் வாசிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீ ஒன்ராறியோவிலிருந்து தொலைபேசி எடுத்தபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். "அம்மா, அவள் என்னை விட்டிட்டாள்" என்றாய். முதலில் எனக்கு விளங்கவில்லை. உன்னோடு சோடியாக ஸ்கேட்டிங் செய்யும் பெண் வேறொரு பையனைத் தேடிக்கொண்டாள், அவன் உன்னைவிட உயரம், இரண்டு மாதமாக உனக்குத் தெரியாமல் அவனோடு பயிற்சி செய்து பார்த்திருக்கிறாள், கடைசியில் பயிற்றுநர்தான் உனக்குச் சொன்னார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாய். "அவள் ஒரு வார்த்தை கதைக்கேல்லை அம்மா. கடிதத்தில கையெழுத்து வைச்சு அனுப்பிப்போட்டாள்." உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் எனக்குள் ஏதோ ஒன்று 'சரிதான்' என்றது. ஒரு தாய் அப்படி நினைக்கக்கூடாது. பிறகு நீ மூக்கால் மூச்சு விடுவது கேட்டது. சின்ன வயதில் அழாமல் இருப்பதற்கு நீ செய்கிற வேலை அது. என் கை அரிசிச் சட்டிக்குள் அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான் உன் முதல் சோடி நத்தாலியைப் பற்றி, நீ கேட்க வந்ததைக் கேட்டாய். "நத்தாலி இன்னும் ஆரோடையும் சோடி சேரேல்லையாம். நீங்கள் போய் ஜினெத்தோட கதையுங்கோ. நீங்கள் கேட்டா அவ இல்லை எண்டு சொல்லமாட்டா."

நான் கேட்டால் அவள் இல்லை என்று சொல்லமாட்டாள் என்று உனக்கு யார் சொன்னது? எந்த முகத்தோடு நான் அந்தப் படியேறுவேன் என்று நீ ஒரு தடவையாவது யோசித்தாயா? இதை அப்போது கேட்கவில்லை, "பாப்பம்" என்று வைத்துவிட்டேன். இப்போது கேட்கிறேன். கேட்பதற்கு முதலில் எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து சொல்லவேண்டும். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் என் பக்கத்திலிருந்து உனக்குத் தெரியாது.

எண்பத்து மூன்றுக்கு முன்னரே இங்கே வந்துவிட்ட மிகச் சில குடும்பங்களில் நாங்களும் ஒன்று. அப்போது உனக்குப் பத்து வயது, தங்கச்சி கைக்குழந்தையைவிடக் கொஞ்சம் பெரிது. அப்பா ஊரில் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர், இங்கே உணவகக் குசினியில் கோப்பை கழுவினார். நான் ஊரில் ஆங்கில ஆசிரியை, இங்கே தொழிற்சாலையில் குளிர்க்கோட்டுகளுக்கு உள்துணி தைத்தேன். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்ற செருக்கு இருந்தது. அதை வைத்துக்கொண்டு சமாளிக்கலாம் என்று பிரெஞ்சைத் திரும்பியும் பார்க்கவில்லை. நீயோ ஒரு குளிர்காலம் முடிவதற்குள் பிரெஞ்சு பேசினாய். வீட்டுக்கு வந்த ஒவ்வொரு கடதாசியும் உன் கைக்கு வந்தது. பள்ளிக்கூடம், மின்சாரம், ஆஸ்பத்திரி, குடிவரவு எல்லாம். பன்னிரண்டு வயதில் எங்கள் வீட்டுக்கு வாய் நீதான்.

ஆடிக் கலவரத்துக்குப் பிறகு சித்தப்பாமாரும் பெரியம்மாவும் அவரின் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். வில்லரேப் பகுதியில் இருந்த அந்த மேல்மாடி வீட்டில் ஒன்பது பேர். ஒரு நாள் வீட்டுக்காரர் வந்து வாசலில் நின்று, உள்ளே வரிசையாக இருந்த பனிச்சப்பாத்துகளைப் பார்த்தார். ஒன்பது சோடி, ஒவ்வொன்றின் கீழும் உருகிய தண்ணீர். எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் உன்னிடம் சொன்னேன், "நாலு பேர்தான் எண்டு சொல்லு தம்பி." நீ என்னைப் பார்த்தாய். "அது பொய்யெல்லே அம்மா?" "சொல்லடா. பொய்யில்லை, சமாளிப்பு." நீ வீட்டுக்காரரிடம் ஏதோ நீளமாகச் சொன்னாய். அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்து, உன் தலையைத் தடவிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். "என்னடா சொன்னனீ?" என்று சித்தப்பா கேட்டார். "எங்கட ஊர்க்காரருக்குச் சரியான குளிர், ஆளுக்கு ரெண்டு சோடி வேணும், அம்மாவுக்கு மட்டும் மூண்டு எண்டு சொன்னன்." அன்றைக்கு வீடே சிரித்தது. வருகிற விருந்தினருக்கெல்லாம் அப்பா அந்தக் கதையைச் சொன்னார். நானும் பெருமையோடு கேட்டுக்கொண்டிருந்தேன். உன் தவறைச் சொல்ல உட்கார்ந்த நான், என் தவறை முதலில் எழுதவேண்டும். இரண்டு பேருக்கு நடுவில் நிற்கிறவன் தனக்கு வேண்டியதை இரண்டு பக்கமும் சொல்லிவிட்டு வரலாம் என்பதை உனக்குப் பழக்கியது நான். அதற்குப் பாராட்டும் கொடுத்தேன்.

அதே குளிர்காலத்தில்தான் ஸ்கேட்டிங் வந்தது. பார்க்கில் தண்ணீர் விட்டு உறையவைத்த தளத்தில், தேவாலயத்தில் கொடுத்த பழைய ஹாக்கி சப்பாத்துகளுக்குள் இரண்டு காலுறை போட்டுக்கொண்டு நீ ஓடுவதை ஸ்கேட்டிங் கழகத்துப் பயிற்றுநர் ஒருவர் பார்த்தார். சோடி ஸ்கேட்டிங்குக்கு ஆண்பிள்ளைகள் கிடைப்பதில்லை, எல்லோரும் ஹாக்கிக்குப் போய்விடுகிறார்கள். அந்த நரைத்த மீசைக்காரர் எங்கள் வீட்டுக்கே வந்தார். உன்னைச் சுவரோடு நிறுத்தி உயரம் பார்த்தார், தோளைப் பிடித்துப் பார்த்தார், அப்பாவையும் என்னையும் எழும்பி நிற்கச் சொல்லி எங்கள் உயரத்தையும் பார்த்தார், நீ எவ்வளவு வளர்வாய் என்று தெரிந்துகொள்ள. பிறகு கீழே காரில் இருந்த ஜினெத்தையும் நத்தாலியையும் கூப்பிட்டார். நத்தாலி பத்து வயதுப் பெண், ஒரு பிடிக்குள் அடங்குவாள். உன் முதுகோடு முதுகு வைத்து அவளை நிறுத்தினார்கள். அவர்கள் போனபிறகு அப்பா சொன்னார், "எல்லாம் பாத்திட்டாங்கள். சாதகம் மட்டும்தான் கேக்கேல்லை." பெரியம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "பொம்பிளைப் பிள்ளையை இடுப்பில பிடிச்சுத் தூக்கிறதோ? சனம் என்ன கதைக்கும்?" என்றார். சனம் கதைத்தது. நான் உன்னைக் காலை ஐந்து மணிக்கு எழுப்பி அனுப்பினேன்.

நான் ஒரேயொரு பயிற்சியைத்தான் நேரில் பார்த்திருக்கிறேன். உனக்குப் பதின்மூன்று வயது. நீ நத்தாலியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு சுற்றினாய். அவள் கையை விரித்தாள். திடீரென்று உன் கால் வழுக்கியது. அவள் விழவேண்டிய இடத்தில் நீ விழுந்தாய். அவள் உன் மேல் விழுந்தாள். பயிற்றுநர் எப்போதும் சொல்லுவாராம், விழுந்தால் பையன்தான் கீழே இருக்கவேண்டும் என்று. அவளுக்கு ஒரு கீறலும் இல்லை, வாய்க்குக் கீழே உன் நாடி கிழிந்து வெள்ளைத் தரையில் இரத்தம். ஜினெத் தன் கழுத்துச் சால்வையை உருவி உன் நாடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் கார் ஓட்டினாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் நீளமாக ஏதோ சொன்னார். கிழிந்த நாடியோடு அதையும் நீதான் எனக்குச் சொல்லவேண்டியிருந்தது. "ஒண்டுமில்லையாம் அம்மா." ஆறு தையல் போட்டார்கள். அந்தச் சுருக்கத்தில் இருந்தது அன்பு என்று எனக்கு அன்றைக்கே தெரியும். அதனால்தான் பிறகு நீ சுருக்கியதெல்லாம் அன்பு என்றே நம்பினேன்.

பள்ளிக்கூடம் விட்டு, பயிற்சி முடிந்து, வாரத்தில் நான்கு நாள் நீ ஜினெத் வீட்டில்தான் சாப்பிட்டாய். எங்கள் தெருவில்தான் அவர்களும் இருந்தார்கள். ஜினெத்துக்குக் கணவன் இல்லை, ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை, ஒரே பெண். நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை என்று உன் மூலம் சொல்லியனுப்பிய நாளிலிருந்து அந்த நான்கு நாளும் அவள் வீட்டில் எல்லோருக்குமே மீன்தான். தைப்பொங்கலுக்கு நான் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துவிடுவேன். அவள் தங்கச்சிக்குக் கம்பளித் தொப்பி பின்னிக் கொடுத்தாள். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. ஆனாலும் தெருவில் கண்டால் நின்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வோம்.

உனக்குப் பதினைந்து வயதில் அவள் ஒரு நாள் வீட்டுக்கு வந்தாள். மாகாணப் போட்டியில் நீங்கள் இரண்டு பேரும் மூன்றாவதாக வந்த வருடம். கியூபெக் நகரப் பக்கத்திலிருந்து ஒரு பையன், உன்னைவிட அனுபவம் உள்ளவன், நத்தாலியைத் தன்னோடு சேரச் சொல்லிக் கேட்டிருக்கிறான். அவளுக்கு விருப்பமில்லை, உன்னோடுதான் என்கிறாள். ஆனால் ஜினெத் முடிவெடுப்பதற்கு முதல் என்னிடம் ஒன்றைக் கேட்க வந்தாள். நீ நடுவில் கதிரையில் இருந்தாய். "நான் நத்தாலியை விடமாட்டனோ எண்டு கேக்கிறா" என்றாய். நான் அவளுடைய வலது கையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மற்றக் கையால் மூடினேன். "சொல்லு தம்பி, என்ர பிள்ளை நத்தாலியை விடமாட்டான். இது என்ர சொல்லு." வெற்றிலை மாற்றவில்லை, தட்டு வைக்கவில்லை. ஆனால் எனக்கு அது அப்படித்தான். இரண்டு தாய்மார் முகம் பார்த்துச் சொல்லிவிட்டால் பிறகு அதைப் பேசத் தேவையில்லை. ஒரு விளையாட்டுக் கழகத்தின் விஷயத்தை நான் சம்பந்தம் பேசுவதுபோல எடுத்துக்கொண்டேன். இந்த நாட்டில் அப்படிச் செய்கிறவர்கள் யாருமில்லை. அது என் இரண்டாவது தவறு. ஆனால் அன்றைக்கு அதை அவளுக்கு உன் வாயால்தான் சொன்னேன். நீ சொன்னபோது உன் குரல் நடுங்கவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் அந்தப் பையனுக்கு முடியாது என்று எழுதினாள்.

ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் வேலையால் வந்து குளிர்க்கோட்டைக்கூடக் கழற்றவில்லை, நீ குசினி மேசையில் ஒரு கடதாசியையும் பேனாவையும் வைத்தாய். "என்னடா இது?" "கோடை முகாமுக்கு அம்மா. ஒன்ராறியோவில ஆறு கிழமை. பெற்றோர் கையெழுத்து வேணுமாம்." "நத்தாலியும் வாறாளோ?" "ஓம், ஓம். கெதியா வையுங்கோ, நாளைக்குக் குடுக்கவேணும்." கடதாசியில் மூன்று பந்தி இருந்தது. நீ சொன்னது இரண்டு வசனம். பதினொரு வருடம் வகுப்பில் நின்று படிப்பித்தவள், மூன்று பந்தி இரண்டு வசனமாகாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பிரெஞ்சுக்காரர் எதையும் சுற்றி வளைத்துத்தான் எழுதுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கையெழுத்து வைத்தேன். அழகான கையெழுத்து. பள்ளிக்கூட இடாப்பில் வைப்பேனே, அதே கையெழுத்து.

நீ போய்ப் பத்து நாள் கழித்து ஜினெத் கதவைத் தட்டினாள். இதை நீ என்னிடம் ஒருநாளும் முழுதாகக் கேட்டதில்லை. இப்போது கேள். அவளைக் கண்டதும் எனக்குச் சந்தோஷம். சிரித்தேன். "வாங்கோ, வாங்கோ" என்று தமிழிலேயே சொல்லிக் கதிரையை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை. கையில் ஒரு கடதாசி. அதைக் காட்டி ஏதோ சொன்னாள். நான் தலையாட்டிக்கொண்டே தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தேன். திரும்பத் திரும்ப அதைச் சொன்னாள், விரலால் கீழே குத்திக் காட்டினாள். என் கையெழுத்து. நான் இன்னும் சிரித்துக்கொண்டே "ஓம், ஓம், கோடை முகாம்" என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. பிறகு மெதுவாக, சத்தம் போடாமல் ஒரு வசனம் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. தங்கச்சி அறைக்குள்ளிருந்து வந்தாள். அவளுக்கு ஒன்பது வயது. "அம்மா, அண்ணா இனி நத்தாலியோட இல்லையாம். வேற பிள்ளையோட சேர நீங்கள்தான் விட்டுக் குடுத்து எழுதினனீங்களாம். நீங்கள் அவவின்ர கையைப் பிடிச்சுப் பொய் சொன்னனீங்களாம்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுக்கு ஏன் சிரிக்கிறீங்கள் எண்டும் கேட்டவ" என்றாள்.

உனக்குத் தொலைபேசி எடுத்தேன். நீ மறுக்கவில்லை. "உங்களுக்குச் சொன்னா நீங்கள் விடமாட்டியள்." "ஓம், விட்டிருக்கமாட்டன்." "அதுதான் சொல்லேல்லை." அவ்வளவுதான் நம் பேச்சு. மகனே, நீ போனதை நான் குற்றம் என்று சொல்லவில்லை. நல்ல பயிற்றுநர், நல்ல தளம், நாடளாவிய போட்டி எல்லாம் அங்கே இருந்தன. நாங்களும் ஒரு இடத்தை விட்டுவிட்டு வந்தவர்கள்தான், போகிறவனை மறிக்கும் உரிமை எங்களுக்கு இல்லை. ஆனால் போகிறவன் இருக்கிறவளின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகவேண்டும். விழும்போது அவளுக்குக் கீழே போய் விழுந்த நீ, போகும்போது என்னை முன்னால் நிறுத்திவிட்டு என் பின்னால் ஒளிந்துகொண்டாய். என் பெயர், என் கை, என் சிரிப்பு மூன்றையும் எடுத்துக்கொண்டாய்.

நான் ஏன் அன்றைக்கே ஓடிப்போய் ஜினெத்திடம் உண்மையைச் சொல்லவில்லை? தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். அப்பாவும் சொன்னார், "போய்ச் சொல்லன், உனக்குத் தெரியாதெண்டு." என்னால் முடியவில்லை. சொன்னால் என் பிள்ளை கள்ளன் என்று ஒரு பிறத்தியாளிடம் நானே சொல்வதாகும். தாயை ஏமாற்றி வாங்கிய கையெழுத்து என்று கழகத்துக்குத் தெரிந்தால் உன்னை வெளியே போட்டுவிடுவார்களோ என்றும் பயந்தேன். ஆகவே மூன்று வருடமாக அவள் என்னைக் கண்டு தெருவின் மற்றப் பக்கம் மாறினாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். டெப்பனர் என்கிற மூலைக்கடையில் பால் வாங்க நிற்கும்போது எனக்கு முன்னால் நின்றுகொண்டு திரும்பமாட்டாள். நீ ஐந்தாவதாக வந்தாய், பத்திரிகையில் படம் வந்தது, நம்மவர்கள் வாழ்த்தினார்கள். நான் அந்தப் படத்தில் உன் கையில் இருந்த பெண்ணைப் பார்க்கவில்லை, இல்லாத பெண்ணைத்தான் பார்த்தேன்.

அந்த வருடம்தான் அரசாங்க பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தேன். நாற்பது வயதில், பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில். நன்றாகப் படித்தேன் என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் வாசிக்க வந்ததும், அலுமாரிக்குள் பெட்டியில் போட்டுவைத்திருந்த பழைய கடதாசிகளை எடுத்து அகராதியோடு உட்கார்ந்தேன். நீ வாசித்துச் சொன்னவை எல்லாவற்றையும் திரும்ப வாசித்தேன். பெரும்பாலானவை நீ சொன்னபடிதான் இருந்தன. அது எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். ஒன்று மட்டும் அப்படி இல்லை. உன் பதினான்காம் வயதில் ஜினெத் கிறிஸ்மஸுக்குத் தந்த நத்தார் அட்டை. உள்ளே இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருந்தாள். "எல்லாருக்கும் நத்தார் வாழ்த்தாம்" என்று நீ சொன்ன அட்டை அது. அதில் அவள் எழுதியிருந்தது இது: 'ஒவ்வொரு போட்டிக்கும் உங்களுக்காக என் பக்கத்தில் ஒரு இடம் பிடித்து வைக்கிறேன். உங்களுக்கு வேலை அதிகம் என்று உங்கள் மகன் சொல்கிறான். ஒரு தடவையாவது வாருங்கள். அவர்கள் இரண்டு பேரையும் தாய்மார் இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கவேண்டும்.'

போட்டிக்குப் பெற்றோரை விடமாட்டார்கள் என்று நீ எனக்குச் சொல்லியிருந்தாய். நான்கு வருடம் அதை நம்பினேன். நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று ஊகித்து எழுதமாட்டேன். என் சேலையா, என் சப்பாத்தா, என் மொழியா, வேறெதுவுமா, எனக்குத் தெரியாது. அதை ஒரு நாள் நீ சொல்லவேண்டும். அந்தக் கடதாசியில் கையெழுத்து வாங்கியதை நான் ஒருவேளை மன்னித்துவிடுவேன், அதில் உனக்கு ஒரு ஆசை இருந்தது. ஜினெத்துக்குப் பக்கத்தில் எனக்காக வெறுமையாக இருந்த அந்தக் கதிரையை எப்படி மன்னிப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இனிப் புதன்கிழமை. வேலை முடிந்து நேரே போனேன். வளைந்த இரும்புப் படியில் பனி இறுகிக் கிடந்தது, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். ஜினெத் கதவைத் திறந்தாள். குளிர் உள்ளே வந்துகொண்டிருந்ததால்தான் என்னை உள்ளே விட்டாள் என்று நினைக்கிறேன். கதிரை காட்டவில்லை. நான் நின்றுகொண்டே, வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். "அந்தக் கடதாசி. எனக்கு வாசிக்கத் தெரியாது. மகன் வாசித்தான். முகாம் என்றான். நான் கையெழுத்து வைத்தேன். நீங்கள் வந்த நாள் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீங்கள் விருந்துக்கு வந்தீர்கள் என்று நினைத்தேன். அதனால் சிரித்தேன்." என் பிரெஞ்சு சின்ன வகுப்புப் பிள்ளையின் பிரெஞ்சு. ஆனாலும் அவளுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. அவள் சுவரில் சாய்ந்தாள்.

"மூன்று வருடம்" என்றாள். "மூன்று வருடம் ஏன் சொல்லவில்லை?"

"அவன் என் மகன்" என்றேன்.

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அல்லது கட்டிப்பிடிப்பாள் என்று, எனக்குள் எங்கோ ஒரு ஆசை இருந்திருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை. கதிரையை இழுத்துத் தானே உட்கார்ந்துகொண்டாள். பிறகு சொன்னாள், "உங்களை வெறுப்பது எனக்குச் சுகமாக இருந்தது, மதாம். நீங்கள் எனக்கு யார்? ஒரு அந்நியப் பெண். பிள்ளைக்கு என்ன தெரியும், தாய்தான் செய்தாள் என்று மூன்று வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது நீங்கள் வந்து அவனை வெறுக்கச் சொல்கிறீர்கள். அவனுக்கு நான் நான்கு வருடம் சாப்பாடு போட்டிருக்கிறேன். அவனை எப்படி வெறுப்பது?" அதற்குப் பிறகுதான் அழுதாள். நான் அவள் கையைப் பிடிக்கவில்லை. அந்தக் கையை ஒருமுறை பிடித்து நான் கொடுத்த சொல் இன்னும் அங்கேயே கிடந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவன் அனுப்பினானா?" என்று கேட்டாள். ஓம் என்றேன். "எதற்கு?" நான் ஒளிக்கவில்லை. "அவனுடைய பெண் அவனை விட்டுவிட்டாள். நத்தாலியைத் திரும்பவும் சேரச் சொல்லிக் கேட்க அனுப்பினான். நான் கேட்கவில்லை. அவன் அனுப்பியதை மட்டும் சொல்கிறேன்." அப்போதுதான் அறை வாசலில் நத்தாலி நிற்பதைக் கண்டேன். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. பதினாறு வயது தாண்டிவிட்டது, ஆனால் இன்னும் சின்ன உருவம்தான், நீ சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறாய். நீ போன பிறகு இரண்டு பையன்களோடு பயிற்சி செய்து பார்த்தாளாம், சரிவரவில்லையாம். தூக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறாளாம், கண்ணை மூடினால் எந்தப் பயிற்றுநரும் வைத்துக்கொள்ளமாட்டார். இதைத் தாய் சொன்னாள். அவள் சொல்லவில்லை.

அவள் என்னைப் பார்த்து, எனக்கு விளங்கவேண்டும் என்பதற்காகச் சொல் சொல்லாக, மெதுவாகச் சொன்னாள், "அவன் வந்து கேட்கட்டும். நான் இல்லை என்று சொல்லுவேன். ஆனால் அவன் வந்து என்னிடம் கேட்கவேண்டும்."

இவ்வளவுதான் புதன்கிழமை நடந்தது. நீ எதிர்பார்த்ததை நான் கொண்டுவரவில்லை. உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று நினைப்பாய். நினை. இரண்டு பேருக்கு நடுவில் நிற்கிறவர்கள் தங்களுக்கு வேண்டியதைக் கலக்காமல் சொல்லவேண்டும் என்பதை நான் இந்த வயதில், அதுவும் பிழைபிழையான பிரெஞ்சில் பழகியிருக்கிறேன். உனக்கு இன்னும் இருபதுகூட ஆகவில்லை. ஸ்கேட்டிங் முடிந்துபோகலாம், முடியாமலும் போகலாம். வேறொரு பெண் கிடைக்கலாம். அதைப்பற்றி எனக்கு அறிவுரை சொல்லத் தெரியாது. யாரோடு சேர்ந்தாலும், பிரிகிற நாள் வந்தால் நீயே வாய் திறந்து சொல். ஞாயிற்றுக்கிழமை உனக்கு எங்கே வலித்தது என்பதை மறந்துவிடாமல் இருந்தால், அதைச் செய்வது கஷ்டமாக இருக்காது.

நத்தாலி சனிக்கிழமைகளில் காலை பத்திலிருந்து பன்னிரண்டு மணிவரை பழைய அரீனாவில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். வகுப்பு முடியும் வரை வெளியே நில். ஸ்கேட்டிங் சப்பாத்தைக் கொண்டுபோகாதே. கேட்கவேண்டியதைக் கேள், அவள் சொல்வதை முழுவதும் நின்று கேள், மறித்துப் பேசாதே. பிறகு வீட்டுக்கு வா, உனக்குச் சோறு இருக்கும். ஆனால் அவள் என்ன சொன்னாள் என்று மட்டும் என்னிடம் சொல்லவேண்டாம். அதை நான் அவளிடமே கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா